அக்காவின் நிமிடங்கள்

அக்காவுக்கு வலிப்பு வந்தால் நான் எண்ணுவேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணுவேன். எனக்கு அப்போது ஆறு வயது, அவளுக்கு ஒன்பது. எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் அவளுக்கு வலிப்பு வந்த இடங்களில் கடிகாரம் இருந்ததில்லை. ஒருமுறை கடலைக் காட்டில், ஒருமுறை பாப்பாரப்பட்டிச் சந்தையில், ஒருமுறை பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில்.

"நேரத்தப் பாத்து வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துருங்க" என்று தர்மபுரியில் டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பதற்றத்தில் எதுவும் ஓடாது. அதனால் அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. ஐந்து நிமிடம் என்றால் முந்நூறு. அக்கா ஒருநாளும் நூற்றைம்பதைத் தாண்டியதில்லை.

கண் விழித்துக் கொஞ்ச நேரம் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு என்னைத் தேடுவாள். "எத்தன?" என்பாள்.

"நூத்திப் பத்து."

"போன தடவைய விடக் கம்மியா?"

"கம்மிதான்."

அடுத்து, என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வாள். யார் யார் ஓடிவந்தார்கள், யார் அழுதார்கள், பாவாடை விலகியதா, யார் சரிசெய்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்த அன்று வாத்தியார் ஒருவர் தன் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். அதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். "சாவியக் குடுத்தாரே, பீரோ எங்க இருக்குன்னு சொன்னாரா குட்டி?" என்று கேட்டாள். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. ஆனாலும் சிரித்தாள். அவள் அறியாமல் போன நிமிடங்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

மாத்திரை ஒத்துக்கொண்டது. அவளுடைய பதினாறாவது வயதுக்குப் பிறகு வலிப்பு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் நர்சிங் படித்தேன். அக்காவுக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அந்த வருடம் எனக்கு அதில்தான் இடம் கிடைத்தது.

இண்டூர்ப் பக்கமிருந்து அக்காவுக்கு வரன் வந்தது. சாமந்தித் தோட்டமும் கொஞ்சம் கடலைக் காடும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை அமைதியானவர். பெண் பார்க்க வந்த அன்று தண்ணீர்ச் செம்பை அவரே எழுந்துவந்து வாங்கிக்கொண்டார். எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் போன பிறகு அம்மா எங்கள் இருவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"இத பாருங்கடி. இந்த வலிப்புப் பேச்சு இந்த வூட்டத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா மூத்தவளுக்கும் கல்யாணம் இல்ல, சின்னவளுக்கும் இல்ல."

"மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிரலாம்மா" என்றாள் அக்கா.

"சொல்லிட்டு? நாளைக்கே ஊரெல்லாம் பரவிரும். மாத்திர முழுங்குனா வர்றதில்லைல்ல? முழுங்கிக்கிட்டு இரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நர்சிங் மூன்றாம் வருடம். எதுவும் தெரியாதவள் இல்லை. சொல்லத்தான் வேண்டும் என்று அப்போது நான் பேசியிருக்கலாம். நான் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை நான்தான் மாத்திரை கொண்டுபோவேன். அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை என்று எழுதியிருந்த ஒரு பழைய டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அவள் மாமியார்கூட, "சத்து மாத்திரையா முழுங்குது, ஒடம்பு தேற மாட்டேங்குதே" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் களியைப் பிசைந்து சாப்பிட்டோம்.

எனக்கு வேலையும் அதே பக்கத்தில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒப்பந்த ஸ்டாஃப் நர்ஸாகக் கிடைத்தது. அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடுவேன். இரண்டு பேரும் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டே பேசுவோம். என் வார்டில் நடப்பதையெல்லாம் சொல்வேன். அவள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பாள். அந்த இரண்டு வருடங்களை இப்போது நினைத்தால், எவ்வளவு அலட்சியமாகச் செலவழித்தேன் என்றுதான் தோன்றுகிறது. இருட்டிவிடும், பஸ் போய்விடும் என்று எத்தனை முறை பாதிப் பேச்சில் எழுந்து வந்திருக்கிறேன்.

குழந்தை உண்டாகவில்லை என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்தது. ஒருநாள் நான் வேலையில் இருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"குட்டி, இந்த மாத்திர வயித்துப் புள்ளைக்கு ஆவாதாமே? போன்ல பாத்தேன். நெசமா?"

அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அப்படியே நிறுத்தக் கூடாது. டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். அன்று பிரசவ அறையில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். "டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்க்கா. அதுவரைக்கும் நிறுத்திராத" என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு டியூட்டி. அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல். கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னது என் மனதில் இருந்துகொண்டேதான் இருந்தது. அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. எங்களுக்குக் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். வராந்தா முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. அதிலிருந்த மருத்துவ உதவியாளர் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே சத்தமாகச் சொன்னார்.

"ஃபிட்ஸ் கேஸ் சிஸ்டர். நிக்கவே மாட்டேங்குது. நாங்க போய்ச் சேர்றப்பவே இருவது நிமிஷம் ஆயிருச்சு. மூக்குல ஸ்பிரே அடிச்சேன், அதுக்கும் நிக்கல."

பழக்கத்தில் முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயோரம் இரத்தம் கலந்த நுரை. யாரோ பல்லிடுக்கில் கரண்டியைச் செருகியிருக்கிறார்கள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கை கால்கள் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பின்னாலேயே அக்கா வீட்டுக்காரர் வெறுங்காலோடு ஓடிவந்தார். "பாப்பா, பாரு பாப்பா. பூக்கூடயத் தூக்குனா, அப்படியே உழுந்துட்டா பாப்பா" என்று என் கையைப் பிடித்தார்.

கை மட்டும் வேலை செய்தது. ஒருக்களித்துத் திருப்பினேன். உறிஞ்சுகுழாயை வைத்து வாயில் இருந்ததை எடுத்தேன். ஆக்சிஜன் மாட்டினேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. வெட்டி இழுக்கிற கையில் ஊசிக்கு நரம்பு பிடிப்பது கஷ்டம். இன்னொரு நர்ஸ் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதல் குத்திலேயே ஏறிவிட்டது. டாக்டரம்மா வந்தார். நரம்பில் மருந்து போடச் சொன்னார். போட்டேன். காத்திருந்தோம். இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது போலிருந்து, மறுபடி பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா அவரைப் பார்த்துக் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?"

"இல்லீங்க மேடம். இதான் மொதத் தடவ."

"மாசமா இருக்காங்களா?"

"தெரியலீங்க மேடம். நாள் தள்ளிப்போயிருக்குன்னு சொன்னா."

டாக்டரம்மாவின் யோசனை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. இளவயதுப் பெண், முதல் வலிப்பு, ஒருவேளை கர்ப்பம். இரத்தக் கொதிப்பால் கர்ப்பிணிகளுக்கு வருகிற வலிப்பாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. "பிரஷர் பாருங்க. மெக்னீசியம் எடுத்து வைங்க" என்றார்.

இரண்டு வருடத்துக்கும் மேலாக மூடி வைத்திருந்த வாய். அக்கா வீட்டுக்காரர் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், இவங்களுக்கு ஒன்பது வயசுல இருந்து வலிப்பு இருக்கு. வால்ப்ரோயேட் ஐநூறு, ரெண்டு வேளையும். ரெண்டு மூணு வாரமா நிறுத்தியிருக்கணும்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அக்கா மேடம்."

அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. டாக்டரம்மா ஒரு கணம்தான் நின்றார். "சரி. லெவெடிரசெட்டம் டிரிப் போடுங்க. ஓடட்டும், வண்டியிலயே ஓடட்டும். பெரியாஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன். நீங்களே கூடப் போங்க" என்றவர், வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக இன்னொன்றும் சொன்னார். "கை கால் நின்னுட்டா வலிப்பு நின்னுட்டதா நெனச்சுக்காதீங்க. கண்ணப் பாத்துக்கிட்டே இருங்க."

தர்மபுரி போகும்வரை அவள் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பாதி வழியில் கை கால் ஓய்ந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் திரும்பி, "நின்னுருச்சா பாப்பா?" என்று கேட்டார். நான் இமையைத் திறந்து பார்த்தேன். கருவிழி ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்து நகர்ந்துகொண்டிருந்தது. "இல்லீங்க மாமா" என்றேன். எனக்கு எண்ண வேண்டும் போல் இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது? முந்நூறு எப்போதோ தாண்டிவிட்டது. ஆயிரத்தையும் தாண்டி, இரண்டாயிரத்தையும் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய் வைத்து, இயந்திரத்தில் இணைத்தார்கள். கதவு சாத்தப்பட்டதும் என் கைக்கு வேலை இல்லாமல் போனது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெண்டு வருசமா எங்கூட்ல சோறு தின்னிருக்க பாப்பா" என்றார். "ஒரு நாளாச்சும் எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சுங்க மாமா."

"என்னப் பாத்தா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. "தெரிஞ்சிருந்தா மாத்திரய நானே எடுத்துக் குடுத்திருப்பனே. கரண்டியப் போட்டுப் பல்ல ஒடச்சிருக்க மாட்டனே" என்றார். அப்போதுதான் தெரிந்தது, கரண்டியை வைத்தது அவர்தான் என்று. வேறு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அவள் கர்ப்பமாக இல்லை. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆறாம் நாள் கண்ணைத் திறந்து ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் டியூட்டி முடிந்து நேராக, உடை மாற்றாமல் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தேன். என் முகத்தையும் உடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிஸ்டர், தண்ணி" என்றாள்.

ஸ்பூனில் கொடுத்தேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றாள். மயக்க மருந்தின் வேலை, இரண்டு நாளில் சரியாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மற்ற நோயாளிகளின் தங்கைகளுக்கு நான் சொல்லியிருக்கிற அதே வார்த்தைகள்தான்.

கொஞ்சம் சரியானது. அம்மாவை அடையாளம் தெரிந்தது, கணவரைத் தெரிந்தது. நான் தங்கை என்பதும் தெரிந்தது. ஆனால் நானும் அவளும் சேர்ந்து செய்தவை எதுவும் அவளிடம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் பெயர் சொல்வாள். அங்கே என்ன நடந்தது என்றால் யோசித்து, களைத்து, "தெரியலியே" என்பாள். புதிதாகச் சொல்வதும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ நழுவிவிடும். நரம்பியல் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். வலிப்பு அவ்வளவு நேரம் நீடித்தால் மூளையில் நினைவு தங்குகிற இடம் அடிபடும். கொஞ்சம் மீளலாம், முழுவதும் என்று சொல்ல முடியாது.

மாமா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். தன் அம்மாவிடம், "இவளுக்கு வலிப்பு இருக்குது. மாத்திர முழுங்குனா நல்லாருப்பா. இதுக்கு மேல இந்தூட்ல இதப் பத்திப் பேச்சு வேணாம்" என்று ஒரே முறை சொன்னாராம். எங்கள் அம்மாவிடம் ஒரு வருடம் பேசவில்லை. மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். காலையும் மாலையும் அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்து, காலண்டரில் கோடு போடுவார். அவசரத்துக்கான மூக்கு ஸ்பிரே சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்கும். எப்படி அடிப்பது என்று வீட்டில் எல்லோருக்கும், மாமியாருக்கும்கூட, நான் சொல்லிக்கொடுத்தேன். இன்றுவரை அதை எடுக்க வேண்டி வரவில்லை. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு குழந்தை உண்டாகி, இப்போது அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். நல்ல ஆரோக்கியம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். பழைய அக்காவுக்கான இந்த ஏக்கத்தை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறாள், பக்கத்து ஊரில் இருக்கிறாள், போன் செய்தால் எடுக்கிறாள். வார்டில் எத்தனை பேருக்குக் கிடைக்காத பாக்கியம் அது என்று தினமும் பார்க்கிறேன். ஆனாலும் பஸ்ஸில் யாராவது இரண்டு பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிச் சிரித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆரம்பத்தில் பழைய கதைகளை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடம், சந்தை, கடலைக் காடு. "அப்படியா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரர்களின் கதையைக் கேட்பது போல. சாவிக்கொத்துக் கதையில் எங்கே சிரிக்க வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். அவளிடமிருந்து போன நிமிடங்களை முன்பெல்லாம் நான் திருப்பிக் கொடுத்தேன். இப்போது கொடுத்தால் வாங்கி வைக்க அவளிடம் இடம் இல்லை. என்னை அவள் குட்டி என்று கூப்பிடுவதும் இல்லை. "ஏம்மா" என்கிறாள்.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. பையன் ஓசூரில் வேலை பார்க்கிறவர். இரண்டு முறை போனில் பேசினோம். மூன்றாம் முறை, "எங்க அக்காவுக்கு வலிப்பு இருக்குதுங்க. மொதல்லயே சொல்லிரணும்னு தோணுச்சு" என்றேன். அவர் ஒன்றும் தவறாகப் பேசவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான். அம்மா, "ஒனக்கு வாய் சும்மா இருக்காதா" என்று திட்டிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். சாமந்திக் காட்டில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் போனேன். என் துக்கத்தைச் சொல்ல இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவளைப் பற்றிய துக்கத்தையும் அவளிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. வரன் போன கதையைச் சொல்லிவிட்டேன்.

அவள் பூப் பறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடி, "ஒனக்கு அவரப் புடிச்சிருந்துச்சா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. அம்மாகூட இல்லை. "புடிச்சிருந்துச்சுக்கா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மண்ணும் பூவும் கலந்த வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குழந்தை வந்து எங்கள் இருவரையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தது.

அழுது முடித்து, முகம் கழுவி வந்து, மறுபடி பூப் பறிக்க ஆரம்பித்தோம். இரண்டு பாத்தி தாண்டியிருப்போம். அவள் நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, ஏன் கண்ணு செவந்திருக்குது? அழுதியா?"

ரோட்டில் நான் போக வேண்டிய டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். "உக்காருக்கா, சொல்றேன்" என்றேன். ஓசூரில் வேலை பார்க்கிறவர் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். முதல் தடவை விட்டுப்போனதையும், அவர் குரல் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பஸ் போய்விட்டது. அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும்.